வரைபடம், வம்சாவளி, பெயர்கள்: மறுவாசிப்பை எப்படி அமைத்துக்கொள்வது?

கேள்வி – மறுவாசிப்பு

டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை இரண்டாம் முறையாக வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் முறை கதையின் ஓட்டத்தைப் பின்தொடர்வதிலேயே கவனம் முழுவதும் சென்றுவிட்டதால் வரைபடத்தை அரிதாகவே புரட்டினேன். இறுதியிலுள்ள பின்னிணைப்புகளைத் தொடவே இல்லை. இம்முறை அவற்றையும் சேர்த்து வாசிக்க விரும்புகிறேன். ஆனால் ஒரே ஊருக்கு இரண்டு மூன்று பெயர்களும், ‘அர’ என்று தொடங்கும் அரசர்களின் நீண்ட வரிசையும் என்னைத் திகைக்க வைக்கின்றன. ஊர்கள், குடும்பங்கள், பெயர்ப் பொருள்கள் ஆகியவற்றுக்கு மூன்று தனித்தனிக் குறிப்பேடுகள் வைத்திருக்கிறேன். இது சரியான முறைதானா?

நூலேணி

மூன்றையும் தனித்தனியாக வைத்திருப்பதுதான் உங்கள் சிரமத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் கோண்டோர் நாட்டுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுயின் ஆற்றின் இரு கரைகளிலும் ஓஸ்கிலியாத் நகரம் அமைந்திருக்கிறது. அதற்குக் கிழக்கே மினாஸ் மோர்குல், மேற்கே மினாஸ் திரித். ‘மினாஸ்’ என்றால் கோபுரம். கிழக்கிலுள்ளதன் பழைய பெயர் மினாஸ் இத்தில், அதாவது நிலவின் கோபுரம். மேற்கிலுள்ளதன் பழைய பெயர் மினாஸ் அனோர், கதிரவனின் கோபுரம். நடுவிலுள்ள ஓஸ்கிலியாத்தின் பெயரில் விண்மீன்கள் இருக்கின்றன.

இப்போது வம்சாவளிக்கு வாருங்கள். நிலவின் கோபுரம் கோண்டோரை ஆண்ட சகோதரர்களில் மூத்தவரான இசில்துருக்கு உரியது, கதிரவனின் கோபுரம் அவருடைய தம்பி அனாரியனுக்கு உரியது. ‘இசில்’ நிலவையும் ‘அனார்’ கதிரவனையும் குறிக்கும் சொற்கள். உடன்பிறந்த இருவரின் அரியணைகளும் ஓஸ்கிலியாத்தில் அருகருகே இருந்தன. கதை நடக்கும் காலப்பகுதியான மூன்றாம் யுகத்தின் 2002-ஆம் ஆண்டில் நிலவின் கோபுரம் எதிரிகளின் கையில் விழுந்து, சூனியத்தின் கோபுரம் என்று பொருள்படும் மினாஸ் மோர்குல் ஆனது. எதிரே நின்ற கதிரவனின் கோபுரம், காவலின் கோபுரம் என்று பொருள்படும் மினாஸ் திரித் ஆனது. யாரிடமிருந்து காவல் என்பதை வரைபடத்தில் ஆற்றுக்கு அப்பால் பார்த்தாலே தெரியும். இரண்டு பெயர் மாற்றங்களுக்குள் ஒரு நாட்டின் வீழ்ச்சி அடங்கியிருப்பதை நான் மூன்றாம் வாசிப்பில்தான் கண்டேன். அன்று அந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்லவே மனம் வரவில்லை.

ஏட்டுச்சுவடி

‘அர’ வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெயர்களின் ஓசை எங்கே மாறுகிறது என்று கவனித்தால் போதும். வட நாடான ஆர்னோரின் தொடக்ககால அரசர்கள் வாலந்தில், எல்தகார், எயரெந்துர் என்று எல்ஃபுகளின் உயர்மொழியான க்வென்யாவில் பெயர் சூடினார்கள். அதே மூன்றாம் யுகத்தின் 861-இல் எயரெந்துருக்குப் பிறகு, அவருடைய மகன்களின் பிணக்கால் நாடு மூன்றாகப் பிரிந்தது. அத்துடன் உயர்மொழிப் பெயர்களும் நின்றுபோயின. பின்னர் மற்ற இரண்டு பகுதிகளிலும் இசில்துரின் வழித்தோன்றல்கள் இல்லாமல் போனபோது, ஆர்தெடைன் பகுதியை ஆண்ட அர்கெலெப் ஆர்னோர் முழுவதற்கும் உரிமை கோரினார். ‘அர’ வரிசை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்த முன்னொட்டு அரசுரிமையைக் குறிப்பது (தமிழின் ‘அரசு’ நினைவுக்கு வருவது தற்செயல்தான் என்றாலும், நினைவில் வைத்துக்கொள்ள உதவும்). நாடே அழிந்து, தலைவர்கள் காடுகளில் அலைந்த காலத்திலும் அவர்கள் அந்த முன்னொட்டைக் கைவிடவில்லை. கதையின் நாயகர்களில் ஒருவரான அரகோர்னின் பெயர் அப்படித்தான் வந்து சேர்கிறது.

ரோஹன் நாட்டிலோ வம்சாவளி நிலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எடோராஸ் நகருக்குச் செல்லும் வழியில் ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் ஏழு என்று அரசர்களின் சமாதி மேடுகள் இருக்கின்றன. ஹெல்ம் என்ற ஒன்பதாம் அரசருக்குப் பின் ஆட்சி அவருடைய சகோதரியின் மகனுக்குப் போனதால் புதிய வரிசை தொடங்கியது. ஏழு மேடுகள் உள்ள பக்கத்தில் எட்டாவது மேடு, கதைக்கால அரசரான தியோடனுக்காக எழுப்பப்படுகிறது. அவருக்குப் பின்னும் சகோதரியின் மகனான எயோமரே அரசராகிறார்.

திசைகாட்டி

கதையின் குள்ள உருவ மக்களான ஹாபிட்களின் குடும்பக் கிளைப்படங்களையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் ‘கசின்’ என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடும் உறவுகள் தமிழில் பிரித்துச் சொன்னால் தெளிவாகின்றன. முதிய ஹாபிட்டான பில்போவின் தாய் பெல்லடோனாவும், கதைநாயகன் ஃப்ரோடோவின் தாய்வழிப் பாட்டி மிராபெல்லாவும் உடன்பிறந்தவர்கள். ஆகவே ஃப்ரோடோவின் தாய் ப்ரிமுலா, பில்போவுக்குச் சித்தி மகள், தங்கை முறை. அந்த வழியில் ஃப்ரோடோ மருமகன் ஆகிறான். தந்தை ட்ரோகோவோ பில்போவுக்குப் பங்காளி, தம்பி முறை. அந்த வழியில் ஃப்ரோடோ மகன் முறை. பில்போ அவனைத் தன் வாரிசாக ஏற்றுக்கொள்வதை இந்த இரட்டை உறவோடு சேர்த்து வாசித்தபோது, முதல் அத்தியாயமே எனக்கு வேறொரு நெருக்கத்துடன் திறந்தது.

மறுவாசிப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை மூன்று குறிப்பேடுகளையும் மூடிவிட்டு, ஒரு பெரிய தாளில் ஆண்டுயின் ஆற்றை வரைந்து, அதன் இரு பக்கமும் இசில்துர், அனாரியன் பெயர்களை எழுதியிருக்கிறேன். அடுத்து எடோராஸ் நகரின் மேடுகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் குறிக்கப் போகிறேன்.