டெமோடெக்ஸ் நோய்க்கு என்ன பெயர் வைக்கலாம்?

வியாசர்பாடியிலிருந்து, கால்நடை மருத்துவர்:

அன்புடையீர், எங்கள் பகுதி நாய், பூனை முகாமுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சி மயிர்க்காலுக்குள் அளவின்றிப் பெருகுவதால் வரும் நோய்க்கு ஒரு சொல் வேண்டும். இங்கே முடி கொட்டிய நாயெல்லாம் 'சொறிநாய்' என்றே விரட்டப்படுகிறது. உண்மையான சொறியை உண்டாக்கும் சார்காப்டிஸ் என்னும் வேறொரு நுண்பூச்சி பிற நாய்க்கும் வளர்ப்பவர் கைக்கும் தொற்றும். அரிப்பும் கடுமையாக இருக்கும். டெமோடெக்ஸோ நலமான நாயின் தோலிலும் சிறிதளவு இருப்பது. பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. எதிர்ப்பாற்றல் குன்றும்போதுதான் பெருகிக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடியை உதிர்க்கிறது. தொடக்கத்தில் பெரும்பாலும் அரிப்பே இராது. இதையும் சொறி என்று அச்சிட்டால் அரிப்புக்கென்று ஸ்டீராய்டு வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அது எதிர்ப்பாற்றலை மேலும் குறைத்து நோயை முற்றச் செய்யும்.

பெரம்பூரிலிருந்து, தமிழாசிரியர்:

மருத்துவர் சொல்வது இலக்கணப்படியும் சரியே. சொறி என்பது முதனிலைத் தொழிற்பெயர். அது நோய்க்கு ஆகிவந்தது. சொறிதலே இல்லாத நோய்க்கு அப்பெயர் எப்படிப் பொருந்தும்? 'வங்கு' என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம் என்பது என் கருத்து. அச்சொல்லுக்குத் தோல்நோய் என்றும் பொருளுண்டு, வளை, பொந்து என்றும் பொருளுண்டு. மயிர்க்கால் என்னும் பொந்துக்குள் குடியிருக்கும் பூச்சி தரும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

காசிமேட்டிலிருந்து:

ஐயா, வங்கு என்றால் எங்களுக்குப் படகின் விலாச்சட்டம். அதை விடுங்கள், தோலில் வளை தோண்டுவது சார்காப்டிஸ்தானே? உங்கள் சொல் தவறான பூச்சிக்கல்லவா போய்ச் சேருகிறது? 'மயிர்க்கால் உண்ணிநோய்' என்று வைப்போம்.

வியாசர்பாடி மருத்துவர்:

உண்ணி வேண்டாம். உண்ணி என்றதும் காதைப் புரட்டிப் பார்த்து, ஒட்டியிருப்பதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நோய் தீர்ந்தது என்று இருந்துவிடுவார்கள். டெமோடெக்ஸ் கண்ணுக்குத் தெரியாது. தோலைப் பிதுக்கி, கத்தி விளிம்பால் இரத்தம் கசியும்வரை சுரண்டி, எண்ணெய்த் துளியில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால்தான், சுருட்டுப்போல நீண்ட உடலும் எட்டுக் குட்டைக் கால்களுமாகத் தெரியும். 'மயிர்' என்பதும் எங்கள் தெருவில் வசைச்சொல்லாகிவிட்டது. துண்டறிக்கையைக் கையில் வாங்கும் தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள். 'முடிக்கால் பூச்சிநோய்' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

பெரம்பூர் ஆசிரியர்:

வள்ளுவர் கவரிமாவுக்கு ஆண்ட சொல்லை வசைக்கு அஞ்சி நாமே கைவிட்டால், அது வசையாகவே நிலைத்துவிடும். விளங்குதல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதற்காக நல்ல சொல்லை ஒதுக்குவதை ஏற்கவில்லை.

காசிமேட்டிலிருந்து:

நாளை அச்சுக்குப் போக வேண்டும். பலரும் 'முடிக்கால் பூச்சிநோய்' என்பதற்கே இசைந்திருக்கிறார்கள். பக்கத்தில் டெமோடெக்ஸ் என்றும் போட்டுவிடலாம்.

மாதவரத்திலிருந்து, கால்நடை மருத்துவ மாணவி:

தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்தருள்க. துண்டறிக்கை பூனைகளுக்கும் உரியது அல்லவா? பூனைக்கு வரும் டெமோடெக்ஸ் கட்டோய் என்னும் வகை மயிர்க்காலுக்குள் வாழ்வதில்லை. தோலின் மேலடுக்கிலேயே வாழ்கிறது. பூனைக்குப் பூனை தொற்றவும் செய்யும், அரிக்கவும் செய்யும். அதற்கு 'முடிக்கால்' என்பது பொருந்தாது. ஆசிரியரின் 'மயிர்க்கால்' என்பதும் பொருந்தாது.

வியாசர்பாடி மருத்துவர்:

உண்மைதான். இம்முறை அச்சொல்லை நாய்க்குரிய பத்தியில் மட்டும் அச்சிடுகிறேன். பூனைக்குரிய பத்தியில் டெமோடெக்ஸ் என்றே நிற்கட்டும். அதற்குரிய சொல்லை அன்பர்கள் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன்.