அக்காவின் புதுவீட்டுக்கு என்ன வாங்கலாம்?

குடும்பக் குழு, பினாங்கு. சனிக்கிழமை காலை.

நான்: எல்லாரும் பசியாறிவிட்டீர்களா? நேற்று புலாவ் திக்குஸில் என் தோழியின் கடைக்குப் போயிருந்தேன். ஜாலான் பர்மாவை ஒட்டிய பழைய கடைவீடு. வட ஐரோப்பிய, ஜப்பானிய வடிவமைப்பில் வீட்டுப் பொருள்கள் வைத்திருக்கிறாள். அக்காவின் புதுவீட்டுக்கு நாம் சேர்ந்து கொடுக்கும் பரிசை அங்கேயே வாங்க வேண்டும் என்பது என் ஆசை. படங்கள் அனுப்புகிறேன்.

(படங்கள்)

அத்தை: நாற்காலி நன்றாக இருக்கிறதே. கைப்பிடி வளைவைப் பார்த்தால் சீனர் வீட்டு நாற்காலி போலத் தெரிகிறது.

நான்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள் அத்தை! டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்தது. மிங் காலத்துச் சீன நாற்காலிகளைப் பார்த்துத்தான் அவர் இந்த வளைவுக்கு வந்தார். இருக்கையைப் பாருங்கள், பிரம்பு இல்லை, முறுக்கிய காகிதக் கயிறு. ஒன்றுக்கு ஏறக்குறைய 120 மீட்டர் கயிறு, அத்தனையும் கையால் பின்னுவது. உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்துபோனால் கயிற்றை மட்டும் அவிழ்த்துப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம்.

பெரியப்பா: விலை?

நான்: அது விற்பனைக்கு இல்லை பெரியப்பா. தோழி தனக்கென்று வாங்கியது. வருகிறவர்களை அதில் உட்காரவைத்துத்தான் பேசுகிறாள்.

பெரியப்பா: விற்காத பொருளைப் பார்த்து என்ன செய்வது பாப்பா? பேரங்காடியில் மேசையும் ஆறு நாற்காலியும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிடலாம். பார்க்கவும் நிறைவாக இருக்கும்.

நான்: நம் வீட்டுக்கு அப்படி வாங்கியது என்ன ஆயிற்று பெரியப்பா? ஒரு கால் ஆடியது. அந்தத் திருகு எங்குமே கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்பினோம். அக்காவுக்கும் அப்படி ஆகக் கூடாது.

அம்மா: காகித விளக்கு அழகாக இருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்குத் தாங்குமா?

நான்: அதன் பெயர் அகாரி அம்மா. சிற்பி இசாமு நொகுச்சி 1951-இல் ஜப்பானின் கிஃபு நகரில் காகித விளக்கு செய்கிறவர்களைப் பார்த்த பிறகு தொடங்கிய வரிசை. மூங்கில் கீற்றின்மேல் வாஷி என்னும் ஜப்பானியக் காகிதம். ஆனால் அக்கா வீட்டு ஜன்னலில் கடல் காற்றும் சாரலும் அடிக்கும் என்றதும், வேண்டாம் என்று தோழியே சொல்லிவிட்டாள். அதனால்தான் அவள் கடையை நம்புகிறேன்.

அக்கா: நானும் சொல்லலாமா? வெள்ளைச் சுவர், ஒரு செடி, ஒரு குவளை என்று படத்தில் வருகிற வீடு எனக்கு வேண்டாம். என் கூடத்தில் சாமி மேடை இருக்கும், பிள்ளைகளின் புத்தகப் பை கிடக்கும். தினமும் கைபடுகிற பொருளாகக் கொடுங்கள். அந்தத் தட்டுகள் என்ன?

நான்: நீ கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்! ஃபின்லாந்தின் கை ஃப்ராங்க் என்பவர் வடிவமைத்தவை. 1953-இல் வந்தபோது கில்தா என்று பெயர், இப்போது தீமா. அதுவரை பெரிய விருந்துத் தொகுப்பாகத்தான் பீங்கான் வாங்குவார்கள். இவர் பூவேலை, தங்க விளிம்பு எல்லாவற்றையும் நீக்கி, தனித்தனியாக வாங்கும்படி செய்தார். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அடுக்கினால் அலமாரியில் இடமும் அடைக்காது.

மாமா: சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் வெளியே ஓடாதா?

நான்: குழிவான தட்டும் இருக்கிறது மாமா. பிசையக் கைக்கு இடமும் உண்டு. பக்கத்தில் இருந்த ஜப்பானியக் கிண்ணங்கள் கையில் ஏந்திச் சாப்பிடுவதற்கு ஏற்றவை. நம் வீட்டில் அவை ரசத்துக்கும் பாயசத்துக்கும்தான் ஆகும்.

அக்கா: குழிவான தட்டு போதும். வெள்ளை வேண்டும்.

அப்பா: கடைசிப் படத்தில் மூலையில் ஒரு முக்காலி இருக்கிறது. அது பால்மரமா?

நான்: ஆமாம் அப்பா! அதன் பக்கத்தில் இருப்பது ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோவின் 1933-ஆம் ஆண்டு முக்காலி, பிர்ச் மரம். காலையே வளைத்து இருக்கையின் அடியில் திருகியிருக்கிறார். நீங்கள் கேட்பது புக்கிட் மெர்தாஜாம் தச்சர் ஒருவர் செய்தது. ஆல்டோவை நகலெடுக்காமல் நேர்க்கால் வைத்து, நம் ரப்பர் மரத்திலேயே தோழி செய்யச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா: நிறத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது, பால் குறைந்த மரத்தை இருபத்தைந்து முப்பது ஆண்டில் சாய்த்துவிடுவார்கள். வெட்டிய சில நாளிலேயே நீலம் பாரித்துவிடும், வண்டு துளைக்கும். பலகைக்கு ஆகாது என்று அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் விறகாகப் போகும். உங்கள் தாத்தா விடியுமுன் எழுந்து வாழ்நாள் முழுதும் அந்தப் பட்டையைத்தான் சீவினார். அதில் நாற்காலி செய்யலாம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மாமா: இப்போது அறுத்தவுடன் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திவிடுகிறார்கள் மச்சான். ஜொகூர் மூவாரில் அந்த மரத்தை நம்பித்தான் எத்தனையோ தொழிற்சாலைகள் ஓடுகின்றன. வெளிநாடுகளுக்கும் போகிறது.

அத்தை: அப்படியானால் அந்த முக்காலியையும் வாங்குவோம். தாத்தா பெயரைச் சொல்லிக் கொடுப்போம்.

பெரியப்பா: தட்டுகள் என் பங்கு. பாப்பா, எட்டு எடுத்து வைக்கச் சொல். மேசை நாற்காலியை அவர்களே பார்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

அக்கா: நன்றி பெரியப்பா. முக்காலி சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அப்பா வந்தால் உட்காரலாம்.

அப்பா: என் முழங்காலுக்கு உயரம் சரியா என்று உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?

நான்: நாளை 11 மணிக்கு அப்பா. அந்தப் பக்கம் காரை நிறுத்த இடம் கிடைக்காது, பஸ்ஸில் போய்விடலாம். தோழியிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அம்மா: நானும் வருகிறேன்.