மறு: மறு: சப்ஜங்டிவ் இம்பர்ஃபெக்ட்: 'சேய்மைச் சார்புவினை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிரெஞ்சு இலக்கணக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'அம்பர்ஃபே த்யு சுப்ஜோங்க்திஃப்' (தலைப்பில் உள்ள 'சப்ஜங்டிவ் இம்பர்ஃபெக்ட்'; பெரும்பாலும் இன்னொரு வினையின் கீழே வரும் சப்ஜங்டிவ் வகையின் ஒரு வடிவம்) என்ற வினைவடிவத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. எல்லா மடல்களையும் படித்த பிறகு 'இயைபுச் சார்புவினை' என்ற என் பழைய பரிந்துரையை நானே திரும்பப் பெறுகிறேன். அதன் காரணம் கீழே வருகிறது.

முதலில் வடிவம் என்ன என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன், பிரெஞ்சு தெரியாத நண்பர்களும் கருத்துச் சொல்ல வசதியாக இருக்கும். கதை எழுதப் பயன்படும் எளிய இறந்தகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'நீ பேசினாய்' என்பது 'பர்லா'. எழுத்தில் கடைசியில் ஓர் ஸ் உண்டு, ஒலிக்காது. அதோடு ஒரு விகுதியைச் சேர்த்தால் 'பர்லாஸ்' கிடைக்கிறது. தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கைப் பன்மை மூன்றும் காதுக்கு 'பர்லாஸ்'தான். நாம் என்றால் 'பர்லாஸியோன்', நீங்கள் என்றால் 'பர்லாஸியே'. ஒழுங்கற்ற வினைகளுக்கும் இதே வழிதான். எளிய இறந்தகாலம் தெரிந்தால் போதும், தனியாக மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

சிக்கல் படர்க்கை ஒருமையில். 'அவன் பேசினான்' என்பதும் 'பர்லா', இந்த வடிவமும் 'பர்லா'. எழுத்தில் மட்டும் உயிரெழுத்தின் தலையில் கூரை போன்ற ஒரு குறியும் கடைசியில் ஒலிக்காத ஒரு த்-தும் வரும். பிரான்சில் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் குறியைத் தொப்பி என்றுதான் சொல்வார்கள். என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு நாவலின் பக்கத்தைக் கொண்டுவந்து, ஒரே பத்தியில் இரண்டு 'ஃப்யூ' இருக்கிறதே, ஒன்று அச்சுப்பிழையா என்று கேட்டாள். ஒன்று 'இருந்தான்'. தொப்பி போட்டது நாம் பேசிக்கொண்டிருக்கும் வடிவம். அவள் பென்சிலால் அந்தத் தொப்பியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள். அதன் பெயரை அவளுக்குத் தமிழில் சொல்ல வரவில்லை. அங்கிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது.

அந்தத் தொப்பியின் கதையும் சுவையானது. இலத்தீனில் 'பாடு' என்ற வினைக்குக் 'கந்தாவிஸ்ஸெத்' என்று இருந்தது 'கந்தாஸ்ஸெத்' என்று சுருங்கி, பழைய பிரெஞ்சில் ஓர் ஸ்-உடன் நின்றது. பின்னால் அந்த ஸ் ஒலிக்காமல் போயிற்று. 1740இல் வந்த பிரெஞ்சு அக்கடமி அகராதியின் 3ஆம் பதிப்பு, ஒலிக்காத ஸ்-களைப் பெருமளவில் நீக்கிவிட்டுத் தொப்பியை வைத்தது. 'பர்லாஸ்' என்பதில் காதில் விழும் ஸ்ஸும் 'பர்லா'வின் தொப்பியும் ஒரே பொருள்தான். 1990 எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் தொப்பியைக் கழற்றச் சொன்னபோதும் இந்த வினைவடிவத்தில் கை வைக்கவில்லை.

இனி பரிந்துரைகள்.

> 'முற்றுப்பெறா இறந்தகால ஐயவினை' என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன?

இதில் மூன்று சொல்லுமே இடறுகிறது, ஐயா. இலத்தீன் சப்ஜங்டிவில் முற்றுப்பெறாக் காலம் என்று பெயர் பெற்ற வடிவம் வேறு. அது பிரெஞ்சுக்கு வராமலேயே வழக்கொழிந்தது. இந்த 'பர்லாஸ்' பிறந்தது இலத்தீனின் முற்றுப்பெற்ற இறந்தகால வடிவத்திலிருந்து. ஆக, பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே வரலாற்றுக்குப் பொருந்தவில்லை, அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நமக்கும் அதே சிக்கல். அடுத்து, இறந்தகாலம். 'மறுநாள் அவன் வர வேண்டியிருந்தது' என்பதற்கு 'இல் ஃபலே கில் வேன் லெ லாந்தமேன்' என்பார்கள். 'வேன்' தான் நம் வடிவம். பேசும் நேரத்தில் வருகை நடக்கவே இல்லை, அப்புறம் எப்படி அதை இறந்தகாலம் என்று பிள்ளைகளிடம் சொல்வது? ஐயமும் அப்படித்தான். 'அவன் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி' என்பதற்கும், 'ஏழையாக இருந்தாலும்' என்பதற்கும் சப்ஜங்டிவ் வரும். வந்ததிலும் ஐயமில்லை, ஏழை என்பதிலும் ஐயமில்லை.

> நம்மிடம் வியங்கோள் இருக்கிறதே. 'வாழ்க' என்பதும் இதுவும் ஒன்றுதானே?

'அரசர் வாழ்க' என்பதைப் பிரெஞ்சில் சப்ஜங்டிவில் சொல்வது உண்மை. ஆனால் வியங்கோள் வினைமுற்று, தனியே நின்று வாக்கியத்தை முடிக்கும். சப்ஜங்டிவின் பெரும்பாலான வாழ்க்கை இன்னொரு வினையின் கீழேதான். அதன் இலத்தீன் பெயருக்கே 'கீழே இணைக்கப்பட்டது' என்று பொருள். இதனால்தான் 'சார்புவினை' என்ற பரிந்துரையை மனமார ஏற்கிறேன். அதைச் சொன்ன அம்மையாருக்குத் தனி நன்றி. துணைவினையோடு குழம்பாது, சொல்லவும் எளிது.

> 'இயைபுச் சார்புவினை' என்று நீங்கள் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை.

இது புதுச்சேரி நண்பரின் மறுப்பு. நான் 'இயைபு' என்றது கால இயைபைக் கருதி. முதன்மை வினை இறந்தகாலத்தில் இருந்தால் சார்புவினையும் அதற்கு இயைந்து பின்வாங்கும், அதுதான் விதி. தமிழ்க் காதுக்கு இந்த விதி புதிது. 'வர வேண்டும்', 'வர வேண்டியிருந்தது' இரண்டிலும் 'வர' அசையாமல் நிற்கிறது, காலத்தை ஒரே இடத்தில் காட்டினால் நமக்குப் போதும். இன்றைய பிரெஞ்சுப் பேச்சும் அந்த வழிக்கே வந்துவிட்டது. 'இல் ஃபலே கில் வியென்' என்று நிகழ்கால வடிவத்தைப் போட்டுப் போய்விடுகிறார்கள். 1901இல் அரசாணையே சில இடங்களில் இதை அனுமதித்தது, 1976இல் அனுமதி இன்னும் விரிந்தது.

ஆனால் நண்பர் எடுத்துக்காட்டிய, பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீனின் வரி என்னை நிறுத்திவிட்டது. 1667இல் மேடையேறிய 'ஆந்த்ரொமாக்' நாடகத்தில், தாயின் கண்ணீரை, உயிருக்கு ஆபத்திலிருக்கும் அவள் பிள்ளை துடைத்துவிடுவானோ என்று அஞ்சுகிறார்கள் என்று ஒரு வரி. அஞ்சுவது நிகழ்காலம். துடைப்பதோ நம் வடிவத்தில். கால இயைபு இங்கே இல்லவே இல்லை. பிள்ளையை உயிரோடு விட்டால் ஒருவேளை துடைப்பான் என்ற எட்டாத கற்பனையை அந்த வடிவம் காட்டுகிறது. 'ஃப்யூதில் ருவா', அவன் அரசனே ஆனாலும், என்பதும் அப்படியே. 'நெ ஃப்யூஸ் கன் ழூர்', ஒரே ஒரு நாளாவது, என்பதும் அப்படியே. இவற்றுக்கு மேலே இயைவதற்கு ஒரு வினையே கிடையாது.

சரி, இறந்தகாலச் சூழலுக்கும் எட்டாத கற்பனைக்கும் பொதுவானது என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். தொலைவு. பேசுபவன் நிற்கும் இடத்திலிருந்து விலகி நிற்பது. அதற்கு நம் இலக்கணத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் இருக்கிறது: அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு. இவன், அவன். இடத்துக்கு மட்டுமல்ல, காலத்துக்கும் நாம் அதையே வைத்துக்கொள்கிறோம்: இன்று, அன்று, இப்போது, அப்போது.

எனவே என் புதிய பரிந்துரை: நிகழ்கால சப்ஜங்டிவுக்கு 'அண்மைச் சார்புவினை', நாம் தேடும் வடிவத்துக்கு 'சேய்மைச் சார்புவினை'.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. 'முடி' என்று பொருள்படும் 'ஃபினீர்' போன்ற வினைகளில் இந்த இரண்டு வடிவமும் ஐந்து இடங்களில் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. படர்க்கை ஒருமையில் மட்டும் அண்மை 'ஃபினிஸ்', சேய்மை தொப்பி போட்ட 'ஃபினி'. 'நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒன்றே' என்று சொன்னால் மாணவர் மிரளுவார். 'அண்மையும் சேய்மையும் இங்கே ஒரே உருவம், சூழலைப் பார்' என்றால் புரிந்துகொள்வார்.

> பேச்சில் செத்துப்போன வடிவத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு?

பேச்சில் இல்லை என்பது சரி. 'பர்லாஸியோன்' என்று இன்று யாரும் பேசுவதில்லை. அந்த '-ஆஸ்' ஒலிக்குப் பிரெஞ்சுக் காதில் நல்ல பெயரும் இல்லை, வேண்டாத காகிதக் குவியலைச் சொல்லும் 'பாப்ராஸ்' போன்ற இழிவுச் சொற்களின் முடிவும் அதுவே. ஆனால் 19ஆம் நூற்றாண்டு நாவல் எதைத் திறந்தாலும் படர்க்கை ஒருமை வடிவம் பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'உவன்' இல்லை என்பதற்காக உகரச் சுட்டை நாம் இலக்கணத்திலிருந்து எடுத்துவிட்டோமா? யாழ்ப்பாணத்து நண்பர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். நமக்கோ படிக்கும்போது தெரிய வேண்டியிருக்கிறது. படித்துப் புரிந்துகொள்ள மட்டுமே வேண்டிய வடிவத்துக்குத்தான் தெளிவான பெயர் கூடுதலாகத் தேவை என்பது என் அனுபவம். பேசிப் பழகி அதைக் கற்க வழியில்லை.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. இந்த இரண்டு வடிவத்துக்கும் கூட்டு வடிவம் உண்டு. 'அவ்வுவார்' என்ற துணைவினையை அண்மையிலோ சேய்மையிலோ போட்டு, அடுத்து எச்ச வடிவத்தை வைப்பார்கள் (சில வினைகளுக்கு 'எத்ர்' வரும்). அவற்றை 'அண்மை நிறைவுச் சார்புவினை', 'சேய்மை நிறைவுச் சார்புவினை' என்று வைத்தால் நான்கும் ஒரு குடும்பமாக அமையும். ஆனால் நீளம் உறுத்துகிறது. அட்டவணைத் தலைப்பில் 'சேய்மை நிறைவு' என்று சுருக்கிக்கொள்ளலாமா, அல்லது 'நிறைவு' என்பதற்குப் பதில் வேறு சொல் இருக்கிறதா?

மாணவி வட்டம் போட்ட அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நேற்று 'சேய்மை' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பக்கத்தில் வந்த இரண்டை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

அன்புடன்.