முதல் மூன்று சீசனில் தலை வெட்டுகிறது, நான்காவதில் சரியாக இருக்கிறது. உதவுங்கள்

மாலைநேரம் (இரவு 8.10)
அவசரம். பழைய தொடர் ஒன்றின் டிவிடி பெட்டி வாங்கினேன். முதல் மூன்று சீசனில் யார் வந்தாலும் நெற்றிக்கு மேல் வெட்டுப்படுகிறது. பெயர் போடும்போது மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி காணோம். நான்காவது சீசன் வட்டைப் போட்டால் திரை முழுக்க அழகாக வருகிறது. அப்படியென்றால் முதல் மூன்றும் தப்பான பதிப்புதானே? திருப்பி அனுப்ப நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. அனுப்பலாமா, வேண்டாமா?

கருப்புப்பட்டை (இரவு 8.16)
எந்தத் தொடர்? எந்த நாட்டுப் பதிப்பு, அதாவது அட்டையில் ரீஜன் எண் என்ன? பிளேயரிலிருந்து டிவிக்கு எந்த ஒயர் போகிறது? பெட்டியின் பின்பக்கம் படத்தின் அகல உயர விகிதம் 1.33:1 (அதாவது 4:3) அல்லது 1.78:1 (அதாவது 16:9) என்று பொடி எழுத்தில் இருக்கும், அதையும் பாருங்கள். இந்த நான்கும் தெரியாமல் அனுப்பு என்றோ வைத்துக்கொள் என்றோ சொல்ல முடியாது.

ஒயர்மேன் (இரவு 8.21)
ஒயர்தான் காரணம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ போடுங்கள். எனக்கும் படம் கோணலாக வந்து, மாற்றிய அன்றே சரியானது.

ராத்திரிரசிகை (இரவு 8.25)
ஒயர் எப்படிங்க தலையை வெட்டும்? டிவியில் ஜூம் போட்டிருப்பார். ரிமோட்டில் கை பட்டால் போதும். எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை நடக்கிறது.

மூத்தவட்டு (இரவு 8.40)
இந்தக் கேள்வி இங்கே வராத மாதமே இல்லை. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். அடிப்படையிலிருந்து சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். அந்தக் காலத்துத் தொடர்கள் 4:3 சட்டத்தில், அதாவது அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு என்ற அளவில் எடுத்தவை. இன்றைய டிவி 16:9. டிவி நிரம்ப வேண்டும் என்பதற்காக மேலும் கீழும் வெட்டி விற்கிறார்கள். உயரத்தில் கால் பங்கு போய்விடும்: மேலே எட்டில் ஒன்று, கீழே எட்டில் ஒன்று. நெற்றி போவது அதனால்தான். டிராகன் பால் இசட் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை 2007இல் இப்படித்தான் வெட்டி வெளியிட்டார்கள். உங்களுக்குக் கிடைத்ததும் அதே ரகம். திருப்பி அனுப்பிவிடுங்கள். இதில் பேச எதுவும் இல்லை.

கருப்புப்பட்டை (இரவு 8.47)
பேச ஒன்று இருக்கிறது சார். வெட்டி விற்பவர்கள் முதல் மூன்று சீசனை மட்டும் வெட்டிவிட்டு நான்காவதை ஏன் விட்டார்கள்? ஒரே பெட்டிதானே? அந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். மாலைநேரம், தொடரின் பெயரைச் சொல்லுங்கள்.

மாலைநேரம் (இரவு 9.05)
பஃபி, அந்த ரத்தக் காட்டேரி வேட்டைத் தொடர். ரீஜன் 2. ஒயர் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. டிவி தட்டை டிவிதான். பின்பக்கம் இரண்டு எண்ணுமே போட்டிருக்கிறது.

ஏழாம்சீசன் (இரவு 9.12)
பஃபி என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! நான் அந்தத் தொடரோடு வளர்ந்தவள். உங்கள் வட்டில் கோளாறு இல்லை. ரீஜன் 2 பதிப்பில் முதல் மூன்று சீசன் 4:3, நான்கிலிருந்து ஏழு வரை 16:9. இரண்டு எண் இருப்பதற்குக் காரணம் அதுதான். அமெரிக்காவின் ரீஜன் 1 பதிப்பில் நான்காவதிலிருந்தும் 4:3தான். ஆறாவது சீசனின் இசை எபிசோடு மட்டும் விலக்கு. அதை அகலமாகத்தான் பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டே எடுத்தார்கள்.

ஆகவே உங்கள் பெட்டியில் 4:3 வட்டுகள் 4:3 ஆகத்தான் இருக்கின்றன. வெட்டு உங்கள் வீட்டில் நடக்கிறது. தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள்.

ராத்திரிரசிகை (இரவு 9.14)
ஜூம். நான் சொன்னேன்.

மாலைநேரம் (இரவு 9.20)
ஜூம் போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதை எடுத்தால் நான்காவது சீசன் கெட்டுவிடுகிறது. நாலு பக்கமும் கருப்பு வந்து நடுவில் தபால்தலை மாதிரி படம். ஜூம் போட்டால்தான் அது நிரம்புகிறது. அதனால்தான் ஜூம் சரி, வட்டு தப்பு என்று நினைத்தேன்.

கருப்புப்பட்டை (இரவு 9.33)
இதைத்தான் முதலிலேயே எதிர்பார்த்தேன். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு தவறு. ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருக்கிறது.

பிளேயருக்கு எந்த வகை டிவி என்று நாம்தான் சொல்ல வேண்டும். உங்களுடையதில் இன்னும் பழைய குழாய் டிவி என்றே பதிந்திருக்கிறது. செட்டப் மெனுவில் ‘டிவி டைப்’ அல்லது ‘டிவி ஆஸ்பெக்ட்’ என்ற இடத்தில் ‘4:3 லெட்டர்பாக்ஸ்’ என்று இருக்கும், பாருங்கள். அப்படி இருந்தால் 16:9 வட்டு போடும்போது பிளேயரே படத்தைச் சுருக்கி, மேலும் கீழும் கருப்புப் பட்டை ஒட்டி, ஒரு 4:3 படமாக அனுப்பும். அதை வாங்கிய டிவி பக்கவாட்டில் இன்னும் இரண்டு பட்டை போடும். உங்கள் தபால்தலை வந்தது இப்படித்தான். நீங்கள் ஜூம் போட்டு அதைப் பெரிதாக்கினீர்கள், நிரம்பியது. அதே ஜூமோடு முதல் சீசன் வட்டைப் போட்டால் அங்கே வெட்டுவதற்குப் பட்டை கிடையாது, படம்தான் இருக்கிறது. நெற்றி போகிறது.

முதலில் பிளேயரில் 16:9 என்று மாற்றுங்கள். சில பிளேயர்களில் படம் ஓடும்போது அந்த மெனு திறக்காது, வட்டை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அப்புறம் நான்காவது சீசனைப் போட்டு, டிவியில் ஜூமை எடுத்து ‘வைட்’ அல்லது ‘ஃபுல்’ வையுங்கள். முதல் மூன்று சீசனுக்கு டிவியை 4:3க்கு மாற்றுங்கள். மஞ்சள் ஒயரில் எது 4:3, எது 16:9 என்று டிவிக்குப் பல நேரம் தெரியாது. அதனால் வட்டு மாறும்போது ரிமோட்டில் நீங்களே மாற்ற வேண்டியிருக்கலாம்.

சரியாக அமைந்ததா என்று பார்க்கச் சுவர்க் கடிகாரமோ காரின் சக்கரமோ நேராகத் தெரியும் காட்சியில் நிறுத்துங்கள். வட்டம் வட்டமாக இருக்க வேண்டும். முட்டை மாதிரி அகன்றிருந்தால் 4:3 படத்தை இழுத்துப் போட்டிருக்கிறது.

இன்னொன்று, நான்காவது சீசன் இப்போதைவிடக் கூர்மையாகத் தெரியும். ரீஜன் 2 வட்டில் 576 வரி. லெட்டர்பாக்ஸில் சுருக்கினால் படத்துக்கு 432 வரிதான் மிஞ்சும். மீதி கருப்புப் பட்டைக்குப் போய்விடும். இத்தனை நாள் அந்த 432ஐத்தான் ஊதிப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒயர்மேன் (இரவு 9.37)
மஞ்சள் ஒயரில் டிவிக்குத் தெரியாது என்று நீங்களே சொல்கிறீர்கள். எச்டிஎம்ஐ போட்டால் இத்தனை வேலை இல்லை என்றுதான் நானும் சொன்னேன்.

கருப்புப்பட்டை (இரவு 9.39)
அவர் பிளேயரில் அந்தத் துளை இருந்தால் நல்லதுதான். இருந்தாலும் டிவி டைப்பை மாற்றிவிடுவதே நல்லது.

அகலத்திரை (இரவு 9.50)
எனக்கு ஒரு சந்தேகம். நான்காவது சீசன் அழகாக இருக்கிறது என்று அவரே சொல்கிறார். அப்படியே எல்லாவற்றையும் அகலமாக வெளியிட்டால் என்ன? அகலமான டிவி வாங்கிவிட்டு இரண்டு பக்கமும் கருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. ஃபிரெண்ட்ஸ் ப்ளூ-ரே 2012இல் 16:9 ஆக வந்தது. 35 எம்எம் ஃபிலிமிலிருந்து மறுபடி எடுத்ததால் பக்கவாட்டில் இதுவரை பார்க்காத இடமெல்லாம் தெரிகிறது. இது லாபம்தானே?

ஏழாம்சீசன் (இரவு 10.02)
பக்கவாட்டில் இடம் தெரிகிறது, சரி. அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ஃபிரெண்ட்ஸில் சில காட்சிகளின் ஓரத்தில் நடிகைக்குப் பதில் அவருக்காக நிற்கும் வேறொருவரின் முகம் தெரிகிறது. 4:3 சட்டத்துக்கு வெளியே யார் நின்றாலும் கவலை இல்லை என்று எடுத்த காட்சி அது.

பஃபியில் இதைவிட மோசம். பின்னால் எச்டிக்காக 16:9 ஆக்கியபோது ஓரத்தில் படப்பிடிப்புக் கருவியும் ஆட்களும் தெரிந்தார்கள். சில இடத்தில் அதை மறைக்க மேலும் கீழும் வெட்டினார்கள். பகலில் எடுத்து இரவாக நிறம் மாற்றிய காட்சிகள் மறுபடி பகலாகிவிட்டன. இரவில் நடக்கும் ரத்தக் காட்டேரிக் கதையில் வெளிச்சம்! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. முதல் இரண்டு சீசன் 16 எம்எம், மூன்றாவதிலிருந்து 35 எம்எம். ஃபிலிம் அகலமாக இருந்ததால் திறக்க முடிந்தது. ஆனால் 4:3க்குத்தான் சட்டம் கட்டினோம் என்று தொடரை உருவாக்கியவரே சொல்லியிருக்கிறார்.

ராத்திரிரசிகை (இரவு 10.08)
சிம்ப்சன்ஸ் கார்ட்டூனில் என் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். மது ஆலைக் காட்சியில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பீப்பாய். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் வருகிறது என்பதுதான் நகைச்சுவை. 2019இல் ஸ்ட்ரீமிங்கில் 16:9 ஆக வெட்டியபோது குழாய் போய்விட்டது. பையன் ‘இதில் என்னம்மா சிரிப்பு?’ என்று கேட்டான், என்னால் காட்ட முடியவில்லை. 2020 மே மாதத்தில் 4:3 தேர்வு செய்யும் வசதி வந்தது. மறுநாளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். சைன்ஃபெல்ட் 2021இல் வந்தபோதும் இப்படித்தான். சாலைக் குழியைப் பற்றிய எபிசோடில் குழி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

மூத்தவட்டு (இரவு 10.20)
நான் சொன்னதும் இதுதான். வெட்டு வெட்டுதான். அகலத்திரை போன்றவர்கள் சினிமா டிவிடி காலத்தில் ‘வைட்ஸ்கிரீன் நல்லது, ஃபுல் ஸ்கிரீன் கெட்டது’ என்று ஒரே வரி படித்துவிட்டு அதையே எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். ஃபுல் ஸ்கிரீன் என்றால் 4:3 பதிப்பு; சினிமாவில் அதுதான் வெட்டியது. பழைய டிவி தொடரில் ஃபுல் ஸ்கிரீன்தான் முழுப் படம். இந்த வேறுபாடு கூடத் தெரியாமல் விவாதத்துக்கு வருவது வருத்தமாக இருக்கிறது.

அகலத்திரை (இரவு 10.31)
வருத்தப்பட வேண்டாம், வேறுபாடு தெரியும். ‘தி வயர்’ 2014இல் 16:9 ஆக வந்தபோது டேவிட் சைமனே நீளமாக எழுதினார், சில காட்சிகள் மேம்பட்டன, சில நலிந்தன என்று. உருவாக்கியவரே முழுக்க மறுக்கவில்லை. ‘பாபிலோன் 5’ என்ற விண்வெளித் தொடரில் நடிகர்கள் வரும் காட்சிகளை வருங்கால அகலத் திரையை நினைத்தே எடுத்தார்கள். எல்லாம் 4:3 என்று ஒரே கோடு கிழிக்க முடியாது.

கருப்புப்பட்டை (இரவு 10.44)
பாபிலோன் 5ஐ நீங்கள் எடுத்தது நல்லதாயிற்று. கணினி வரைகலைக் காட்சிகள் 4:3இல் மட்டுமே செய்யப்பட்டன. டிவிடியை 16:9 ஆக்கியபோது அவற்றை மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். விண்கலம் வரும்போதெல்லாம் படம் மங்கிவிடும். 2021இல் மறுசீரமைத்தபோது 4:3க்கே திரும்பினார்கள். ஸ்டார் டிரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் 2012 ப்ளூ-ரேயில் ஃபிலிமிலிருந்து புதிதாக எடுத்தும் 4:3ஐ விடவில்லை. பக்கவாட்டில் திறந்தால் விளக்குகளும் கருவிகளும் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தி வயரில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். சைமன் குழு உட்கார்ந்து பார்த்துத் திருத்தியது. ஆனால் அந்தத் தொடரின் தோற்றத்தை அமைத்த ராபர்ட் கோல்ஸ்பெரி 2004இலேயே இறந்துவிட்டார், அவரைக் கேட்க முடியவில்லை. இரண்டு வடிவத்தையும் ஒரே பெட்டியில் கொடுத்துவிட்டால் நாம் இப்படி ராத்திரி உட்கார்ந்து சண்டை போட வேண்டியதில்லை.

ஏழாம்சீசன் (இரவு 10.50)
மாலைநேரம், என்ன ஆயிற்று? நாளைக்கு அனுப்பிவிடாதீர்கள்!

ஒயர்மேன் (இரவு 11.15)
தூங்கியிருப்பார்.

மாலைநேரம் (மறுநாள் காலை 6.50)
டிவி டைப் 4:3 லெட்டர்பாக்ஸ் என்றுதான் இருந்தது. 16:9 ஆக்கினேன். முதல் சீசன் இப்போது பக்கத்தில் பட்டையோடு, நெற்றியோடு வருகிறது. கடிகாரம் வட்டம். பெட்டியை அனுப்பவில்லை. எல்லோருக்கும் நன்றி, வேலைக்குக் கிளம்புகிறேன்.

ஏழாம்சீசன் (காலை 7.04)
அப்பாடா! நான்காவது சீசனின் முதல் எபிசோடில் ஓரங்களைக் கவனியுங்கள். ரீஜன் 1 வட்டு என்னிடம் இருக்கிறது. ஒரே காட்சியை இரண்டிலும் நிறுத்தி ஒப்பிட்டால் என்ன கூடியது, என்ன போனது என்று தெரிந்துவிடும். எபிசோடும் நிமிடமும் சொல்லுங்கள், நான் எடுத்துப் போடுகிறேன்.