அறிவியல் படித்த பிள்ளைகள் கேட்ட கேள்விகள்: மலேசியாவின் குளுவாங் பக்கத்து அனுபவங்கள்

ஞாயிறு பள்ளி ஆசிரியை

விசுவாசத்தையும் அறிவியலையும் பற்றி நம் பிள்ளைகளோடு நேருக்கு நேர் பேசிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில், என்னிடம் ஞாயிறு பள்ளி படித்த ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறான். கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது, தொடவே இல்லை. "டீச்சர், சர்ச்சுக்கு வர்றத நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றான்.

ஏன் என்று கேட்டேன். மூன்றாம் படிவம் படிக்கும்போது ஒரு எழுப்புதல் கூட்டத்தில் கேட்ட பிரசங்கத்தைச் சொன்னான். கண் எப்படி உண்டானது, விஞ்ஞானிக்குத் தெரியாது. உயிர் எப்படி வந்தது, அதுவும் தெரியாது. ஆகவே கர்த்தர் இருக்கிறார். இந்தப் பட்டியலை நோட்டில் எழுதி வைத்திருந்தானாம். "படிக்கப் படிக்க ஒவ்வொன்னா அடிச்சிக்கிட்டே வர்றேன் டீச்சர். கடைசி வரியையும் அடிச்சிட்டா என்ன மிஞ்சும்?"

எனக்கு அந்தப் பிரசங்கத்தின் மேல்தான் கோபம். தெரியாத இடத்தில் கடவுளை உட்கார வைத்தால், தெரிய வரும் நாளில் அவரை எழுப்பித்தானே ஆக வேண்டும்? டீட்ரிச் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானிய லூத்தரன் போதகர், நாஜிகளின் சிறையிலிருந்து 1944 மே மாதம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதையே சொல்லியிருக்கிறார். அப்போது அவர் இயற்பியல் நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். நம் அறிவில் உள்ள ஓட்டையை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தினால், அறிவு வளர வளர அவர் பின்வாங்கிக்கொண்டே போக வேண்டிவரும். நாம் அறிந்தவற்றிலேயே அவரைக் காண வேண்டும் என்பது அவர் கருத்து. அடுத்த ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்படிப்பட்ட நிலையிலும் ஒரு போதகர் உட்கார்ந்து இதை யோசித்தார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் பையனுக்கு போன்ஹோஃபரைவிடச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நெருக்கம். அதனால் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். அம்மா தோட்டத்தில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவுகிற வேலை பார்த்தவர். மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து, மட்டை முள்ளுக்கு நடுவே கையை நீட்டி, விரிந்திருக்கும் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். வீட்டுக்கு வரும்போது முழங்கை வரை கீறலாக இருக்கும். செம்பனை மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுபோகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். நம் நாட்டில் காய் சரியாகப் பிடிக்காததால் மனிதக் கை தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்வது மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. 1981-ல் கேமரூனிலிருந்து அதைக் கொண்டுவந்து, நம் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில்தான் முதலில் விட்டார்கள்.

ஆண் பூ விரியும்போது சோம்பு வாசம் வீசும். வண்டு அதில் மொய்த்து, அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். பெண் பூவும் இடையிடையே அதே வாசத்தை விடும். தேடிப் போகிற வண்டு, மேலில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டு வரும். கை வேலை நின்று போனது. அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போனார். விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் முன் முழங்காலில் நின்று செய்த ஜெபம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. "பாம்பு கடிக்காம காப்பாத்துங்க, பிள்ளைங்க படிக்கணும்" என்பதுதான் அந்த ஜெபம். காய் எப்படிப் பிடிக்கிறது என்ற மர்மத்தின் மேல் அம்மாவின் விசுவாசம் நிற்கவே இல்லை. அதனால் மர்மம் தீர்ந்தபோது அது அசையவும் இல்லை.

பையன் விடவில்லை. "சரி டீச்சர், எல்லாத்துக்குமே விளக்கம் கிடைச்சிட்டா அவருக்கு என்ன வேலை?" நல்ல கேள்வி. வாசம், வண்டு, மகரந்தம் என்று அடுத்தடுத்துத் தேடிப் போவது உன் படிப்பு, அதை முழு மனசோடு செய் என்றேன். இவையெல்லாம் ஏன் இருக்கின்றன, இவற்றில் ஒழுங்கு ஏன் இருக்கிறது, அந்த ஒழுங்கு நம் புத்திக்கு எப்படிப் பிடிபடுகிறது என்பது தத்துவத்தின் கேள்வி. அதற்கு ஆய்வுக்கூடத்தில் கருவி கிடையாது. தாமஸ் அக்குவினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே இதில் எவ்வளவு கவனமாக இருந்தார் பாருங்கள். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை விசுவாசத்தால் ஏற்கிறோம், தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது என்றார். தொடக்கமே இல்லாத உலகமாக இருந்தாலும், அது இருப்பதற்கே கடவுளைச் சார்ந்திருக்கும் என்றும் வாதிட்டார்.

"அது நிரூபணம் இல்லையே" என்றான். இல்லைதான். என் விசுவாசம் இயேசுவின் மேல். அறிவியல் அதற்கு இடைஞ்சல் இல்லை என்று மட்டுமே இந்த வாதம் காட்டுகிறது, எனக்கு அது போதும் என்று சொன்னேன். அவனுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

செம்பனை ஆலை ஆய்வகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்

டீச்சருக்கு வணக்கம். நான் கத்தோலிக்கன். ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, இரவு ஷிப்டில் எண்ணெய் மாதிரியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டான்: "பெருவெடிப்பு உண்மைன்னா உங்க பைபிள் பொய்தானே அண்ணே?" அந்தக் கருத்துக்கு வித்திட்டவரே ஒரு கத்தோலிக்கக் குரு என்றேன். அவன் நம்பவில்லை.

ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியம் நாட்டுக் குரு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதினார். ஆதியில் எல்லாம் ஒரே அணுவாக இருந்திருக்கலாம் என்று 1931-ல் சொன்னார். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் அதற்கு அப்புறம் நடந்தது. 1951-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், இந்தக் கண்டுபிடிப்பு படைப்புக்குச் சான்று என்கிற மாதிரி பேசினார். லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாட்டைச் சமயத்துக்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். சாதகமாகக் கிடைத்ததைக்கூட வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்!

பிள்ளைகளிடம் பேசும்போது கலிலியோவையும் மறைக்காதீர்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக எங்கள் திருச்சபைதான் 1633-ல் அவரைத் தண்டித்து வீட்டுக் காவலில் வைத்தது. அவருடைய நூல் தடைப் பட்டியலிலிருந்து நீங்க 1835 ஆனது. பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1992-ல் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தம்பியிடம் இதையும் சொன்னேன். அப்புறம்தான் அவன் என்னிடம் மனம் திறந்து பேச ஆரம்பித்தான்.

மிஸ்ஸி (தாதி) வேலை பார்ப்பவர்

என்னுடையது தத்துவம் இல்லை, என் பெரியம்மாவின் கால். இனிப்பு நீர் ரொம்ப வருஷமாக உண்டு. ஒரு ஜெபக் குழுவில் யாரோ "ஊசி போடுறது அவிசுவாசம்" என்று சொல்ல, இன்சுலினை நிறுத்திவிட்டார். பாதத்தில் புண் வந்து வாடை அடித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

எங்கள் போதகர் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, "பெரியம்மா, லூக்கா யாரு? பவுலே 'பிரியமான வைத்தியன்'னு எழுதுறாரு. தீமோத்தேயுவோட வயித்துக்கு என்ன சாப்பிடணும்னு சொன்னதும் பவுல்தான்" என்றார். ஜெபித்தார். நான் ஊசி போட்டு முடிக்கும் வரை பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது, கால் தப்பியது. அறிவியலும் விசுவாசமும் எதிரிகள் என்று மேடையில் பேசுபவர்கள், அந்தப் பேச்சு எந்த வீட்டுக்குள் போய் முடிகிறது என்று வந்து பார்க்க வேண்டும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை

மிஸ்ஸி எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் போதகரை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

பையன் மறுபடி வந்தான், இதைவிடக் கடினமான கேள்வியோடு. தோட்டத்துச் சாலை ஓரத்தில், காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கும் வெளிர்மஞ்சள் பூச்செடி நட்டிருப்பார்களே, எதற்குத் தெரியுமா என்றான். செம்பனை ஓலையைத் தின்னும் உலாட் புங்குஸ் புழுவை அழிக்கிற குளவிகளுக்குத் தேன் கொடுக்கத்தான். அந்தக் குளவிகளின் குஞ்சு, உயிரோடிருக்கும் புழுவைத் தின்றே வளரும். இதே வகைக் குளவியைச் சொல்லித்தான் டார்வின் 1860-ல் ஆசா கிரேக்கு எழுதினார்: அன்பான கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று. கிரே தாவரவியலாளர், கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவரும்கூட.

இங்கே தெரியாதது எதுவும் இல்லை. தெரியத் தெரியத்தான் கேள்வி கனக்கிறது. என்னிடம் விளக்கம் இல்லை, வேதத்தில் ஓர் இடம் இருக்கிறது. துன்பத்தில் ஏன் என்று கேட்ட யோபுவுக்குப் பதில் சொல்லும்போது கர்த்தர் காட்டு மிருகங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். 39-ம் அதிகாரத்தின் முடிவில் கழுகுக் குஞ்சுகள் இரத்தம் உறிஞ்சுவதையும் சொல்கிறார், மறைக்கவில்லை. சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது என்று ரோமர் 8-ல் பவுலும் எழுதுகிறார். இதை அவனிடம் வாசித்துக் காட்டினேன். "இதுல பூசி மெழுகல டீச்சர்" என்றான்.

அடுத்த வாலிபர் கூட்டத்தில் யோபு 38 முதல் 41 வரை வாசிக்கப் போகிறோம். குளவியைப் பற்றிப் பேச அவனும் வருகிறேன் என்றிருக்கிறான். மிருகங்களின் வேதனையைப் பற்றி யாராவது பிள்ளைகளோடு பேசியிருந்தால், எங்கே தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.