தீட்சிதர் கேட்டது பித்தளை பாண்டா? அழித்தவர் வந்து பதில் சொல்லட்டும்

கிளாரினெட் ஹவில்தார்:
மூன்றாவது முறையாக என் திருத்தத்தைத் தூக்கிவிட்டார்கள். இனி பொறுப்பதில்லை, இங்கேயே கேட்கிறேன்.

இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்களை, அதாவது மேல்நாட்டு மெட்டில் அவர் அமைத்த சின்னப் பாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை. அதில் ஒரு வரி: மணலியில் இருந்த நாளில், புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்தின் 'பித்தளை வாத்தியக் குழு' வாசித்ததைக் கேட்டு இவற்றை இயற்றினாராம். மணலி சரி. கோட்டை சரி. பித்தளை எங்கிருந்து வந்தது?

நான் 24 வருஷம் ராணுவ பாண்டில் கிளாரினெட் வாசித்தவன். பச்மரி ராணுவ இசைப் பள்ளியில் படித்தவன். தீட்சிதர் மணலியில் இருந்தது 1800-ஐ ஒட்டிய வருஷங்களில். ட்ரம்பெட்டில் விரலால் அழுத்துகிறோமே வால்வு, அதற்குப் பெர்லினில் காப்புரிமை வாங்கியதே 1818-இல். அதற்கு முன் ட்ரம்பெட் என்பது வளைத்து வைத்த குழாய். எல்லா ஸ்வரமும் அதில் வராது. அந்தக் காலத்துப் பட்டாள பாண்டில் பாட்டை எடுத்துப் போவது கிளாரினெட், ஓபோ, பஸூன். எல்லாம் மரம்.

நம்பாதவர்கள் நோட்டு ஸ்வரங்களில் ஒன்றான 'சந்ததம் பாஹிமாம்' பாடிப் பாருங்கள். பிரிட்டிஷ் தேசிய கீதமான காட் சேவ் தி கிங் மெட்டு அது. ஸஸரி நிஸரி ககம கரிஸ. இரண்டாவது துண்டிலேயே கீழ் நிஷாதம் வந்துவிடுகிறது. வால்வு இல்லாத ட்ரம்பெட்டில் அந்த நி கிடையாது. இதை எழுதினால் 'சான்று தேவை' என்று அழிக்கிறார்கள். என் உதடுதான் சான்று.

சான்று எங்கே:
அழித்தது நான்தான். ஒளிய வேண்டிய அவசியம் இல்லை.

ஐயாவின் 24 வருஷத்தை மதிக்கிறேன். ஆனால் ஐயாவின் உதட்டை வாசகர் எப்படிச் சரிபார்ப்பார்? பல்லாவரம் வந்து கதவைத் தட்டுவாரா? 'பித்தளை' என்பதற்கு ஒரு சபா மலரில் வந்த கட்டுரை சான்றாக இருக்கிறது. 'பித்தளை இல்லை' என்பதற்கு என்ன இருக்கிறது? வால்வு 1818 என்பதற்கு நூல் காட்டலாம், மறுக்கவில்லை. அந்த நூலில் ஜார்ஜ் கோட்டையும் இருக்காது, தீட்சிதரும் இருக்கமாட்டார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று எடுத்து நீங்களாகவே மூன்றாவது முடிவுக்கு வந்தால் அதற்குப் பெயர் சொந்த ஆய்வு. விதி அதற்கு இடம் தராது. நான் எழுதினாலும் இதே கதிதான்.

கிளாரினெட் ஹவில்தார்:
சபா மலர்! டிசம்பரில் பட்டுப்புடவை விளம்பரத்துக்கும் கேட்டரிங் விளம்பரத்துக்கும் நடுவில் யாரோ நிரப்பிக் கொடுத்த இரண்டு பக்கம். எழுதியவர் ட்ரம்பெட்டை ஒரு தடவையாவது தொட்டிருப்பாரா? அச்சில் ஏறிவிட்டால் பித்தளையும் பொன் என்கிறீர்கள். கொஞ்சம் உரசிப் பாருங்கள் தம்பி, பல் இளிக்கும்.

மயிலை மாமி:
முப்பது வருஷமாகக் குழந்தைகளுக்கு 'சக்தி ஸஹித கணபதிம்' சொல்லித் தருகிறேன். சங்கராபரணம், துள்ளல் நடை, இரண்டே வகுப்பில் பிடித்துக்கொள்வார்கள். மரமா பித்தளையா என்று ஒரு குழந்தையும் கேட்டதில்லை. இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் நோட்டு ஸ்வரங்களை ஸ்வரக் குறிப்போடு சுப்பராம தீட்சிதர் 1905-இல் வெளியிட்ட பிரதமாப்யாச புத்தகத்தை யாராவது புரட்டினீர்களா?

சான்று எங்கே:
அதில் பித்தளை பற்றி ஏதாவது இருக்கிறதா, மாமி?

மயிலை மாமி:
ஸ்வரப் புத்தகத்தில் உலோகம் தேடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

தஞ்சாவூரான்:
முதலில் 'கோட்டை சரி' என்று முடிவு செய்தது யார்? சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேல்நாட்டு பாண்டு வைத்திருந்தார். தஞ்சை நால்வர் என்கிற நான்கு சகோதரர்களும் தீட்சிதரின் சீடர்கள். அவர்களில் வடிவேலுவின் வயலினுக்கு மயங்கித்தான் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்த வயலினே பரிசாகக் கொடுத்தார். மேல்நாட்டுச் சங்கீதம் எங்கள் ஊரில் அப்படிப் புழங்கியது. ஆனால் எதை எடுத்தாலும் மெட்ராஸில் நடந்ததாக எழுதிவிடுவீர்கள். காவிரித் தண்ணீர் மட்டும் எங்களுடையது, பெயர் உங்களுடையது.

சான்று எங்கே:
நல்ல கேள்வி. தீட்சிதர் 1835 வரை இருந்தார். தஞ்சாவூரிலும் கேட்டிருக்கக்கூடும் என்றால், 1818-க்குப் பிறகும் கேட்டிருக்கலாம். அப்படியானால் பித்தளைக்கு வழி திறக்கிறதே. ஐயாவின் கணக்கு இங்கேயே ஆட்டம் காண்கிறது.

கிளாரினெட் ஹவில்தார்:
1818-இல் பெர்லினில் காப்புரிமை வாங்கினால் 1819-இல் பெரிய கோயில் வாசலில் வந்து இறங்கிவிடுமா? கூரியரா அது? சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-இல். அதுவரை கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். அப்புறம், 'கேட்டிருக்கலாம்', 'இருந்திருக்கலாம்' என்று நீங்கள் எழுதினால் அது வாதம். நான் எழுதினால் சொந்த ஆய்வு. ரொம்ப நல்ல விதி.

தஞ்சாவூர் அண்ணன் யாருக்கு ஜால்ரா தட்டுகிறார் என்பதும் புரிகிறது.

தஞ்சாவூரான்:
ஜால்ரா என்ற வார்த்தையைத் திரும்பப் பெறவும்.

சான்று எங்கே:
ஜால்ராவை விடுங்கள். என் கேள்வி ஒன்றுதான். நீங்களே முன்பு எழுதிய திருத்தத்தில் 'இரண்டு ஹார்ன்' என்று இருக்கிறது. ஹார்ன் என்கிற அந்தச் சுருள் ஊதுகுழல் எதில் செய்தது? பித்தளையில். அப்புறம் பித்தளை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கிளாரினெட் ஹவில்தார்:
சாம்பாரில் பெருங்காயம் போடுகிறோம். அதைப் பெருங்காயக் குழம்பு என்றா சொல்கிறோம்?

சான்று எங்கே:
உவமை சான்று ஆகாது. ஹார்ன் பித்தளையா இல்லையா?

கிளாரினெட் ஹவில்தார்:
ஹார்ன் பித்தளை. பாண்டு பித்தளை இல்லை.

சான்று எங்கே:
ஆக, பித்தளை இருந்தது. நன்றி. இன்னொன்று: ஹார்னின் வாய்க்குள் கையை வைத்து, இல்லாத ஸ்வரங்களையும் வரவழைப்பார்கள் என்று நேற்று படித்தேன். அப்படியானால் உங்கள் கீழ் நி பித்தளையிலும் வரும்.

கிளாரினெட் ஹவில்தார்:
நேற்று படித்தாராம்! நான் ட்ரம்பெட் என்றேன், இவர் ஹார்னுக்குத் தாவுகிறார். கை வைத்தால் வரும் தம்பி. மூக்கடைத்தவன் பாடுகிற மாதிரி வரும். அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து கேட்கலாம். கோட்டை மைதானத்தில், கடல் காற்றில், முரசு பக்கத்தில் அதிரும்போது அந்த நி யார் காதில் விழும்? திறந்தவெளியில் ஊதிப் பார்த்தவனுக்குத் தெரியும். புத்தகத்தில் காற்று அடிக்காது.

புளியந்தோப்பு பாண்டு செட்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கல்யாணம், ஊர்வலம், சாவு எல்லாவற்றுக்கும் வாசிக்கிற ஆள் நான். எங்கள் செட்டில் பாதி மீரட்டில் செய்து வந்தது. நீங்கள் ட்ரம்பெட், ஹார்ன் என்று நிற்கிறீர்கள். முரசோடு சிம்பல் தட்டுவார்களே, அது பித்தளைதானே சார்?

கிளாரினெட் ஹவில்தார்:
சிம்பல் வெண்கலம். செம்பும் வெள்ளீயமும். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். பட்டாள பாண்டுக்குச் சிம்பலும் பெரிய முரசும் துருக்கியர்களிடமிருந்து வந்தவை. பேச வந்தால் தெரிந்துகொண்டு பேசவேண்டும்.

புளியந்தோப்பு பாண்டு செட்:
எங்களுடையதைத் தட்டினால் தகரச் சத்தம்தான் வருகிறது. கடைக்காரன் பித்தளை என்றுதான் பில் போட்டான். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் வருகிறவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சான்று எங்கே:
'தெரிந்துகொண்டு பேசவேண்டும்' என்கிற இந்தத் தொனிதான் பிரச்சினையே. ஐயா மாதிரி இன்னொரு முன்னாள் ராணுவக்காரர் போன வருஷம் வந்தார். 'ஜன கண மன'வுக்கு மெட்டுப் போட்டது நேதாஜி படையின் கேப்டன் ராம் சிங், பாண்டில் சீனியர்கள் சொல்ல என் காதால் கேட்டேன் என்று அடித்துச் சொன்னார். அந்தப் பாட்டு கல்கத்தா காங்கிரஸில் பாடப்பட்டது 1911-இல். ராம் சிங் பிறந்ததே 1914-இல். தாகூர் 1919-இல் மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோது மார்கரெட் கசின்ஸ் அதற்கு ஸ்வரக் குறிப்பும் எழுதிவிட்டார். அனுபவம், சீனியர், சொந்தக் காது எல்லாம் சேர்ந்து கொண்டுபோய் விட்ட இடம் அது. அன்றைக்கு விதி இல்லாவிட்டால் அந்தப் பொய் இன்றைக்கும் கட்டுரையில் இருக்கும்.

கிளாரினெட் ஹவில்தார்:
அவர் சொன்னதற்கு நான் ஏன் தண்டம் கட்டவேண்டும்? ராம் சிங் இசையமைத்தது நேதாஜி படையின் 'சுப் சுக் செய்ன்'. அதில் தாகூரின் மெட்டு கேட்கும், அதனால் அந்த மனிதர் குழம்பியிருப்பார். என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்கமாட்டீர்களே.

உங்கள் விதி செய்ததைச் சொல்லட்டுமா? 2020 ஜனவரியில், குடியரசு தின விழாவை முடித்து வைக்கும் டெல்லி பீட்டிங் ரிட்ரீட் பாண்டு நிகழ்ச்சியில் 'அபைட் வித் மீ' என்கிற கிறிஸ்தவப் பாடல் இனி கிடையாது என்று பத்திரிகைகளில் வந்தது. காந்திக்குப் பிடித்த பாட்டு என்று ஒரே களேபரம். கலைக்களஞ்சியத்தில் உடனே 'நீக்கப்பட்டது' என்று ஏறிவிட்டது. ஜனவரி 29 மாலை விஜய் சவுக்கில் அதை வாசித்தார்கள். டிவியில் ஊரே பார்த்தது. வாசித்தவர்களில் என்னோடு பச்மரியில் படித்தவர்களும் உண்டு. அன்று ராத்திரியே திருத்தினேன். இதே மனிதர் 'சான்று?' என்று அழித்தார். உண்மையில் எடுத்தது 2022-இல்தான், அந்த இடத்தில் 'ஏ மேரே வதன் கே லோகோன்' வந்தது. நான் எதையும் மறக்கவில்லை.

சான்று எங்கே:
இரண்டு நாளில் செய்தி இணைப்பைச் சேர்த்துச் சரிசெய்தேனே, அதைச் சொல்லமாட்டீர்கள். டிவியில் பார்த்தேன் என்பது அன்றைக்கும் சான்று இல்லை, இன்றைக்கும் இல்லை.

கிளாரினெட் ஹவில்தார்:
அந்த இரண்டு நாள் பொய் நின்றதே, அதற்கு யார் பொறுப்பு? உங்கள் விதியா, நீங்களா?

மயிலை மாமி:
ஆறு வருஷத்துச் சண்டையா இது! நான் நோட்டு ஸ்வரம் என்று தலைப்பைப் பார்த்து வந்தேன்.

சான்று எங்கே:
சரி, ஒரு வழி சொல்கிறேன். எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கம்பெனிக் காலத்து ராணுவக் கடிதங்கள் அங்கே உண்டு. பாண்டுக்கு என்ன வாத்தியம் வரவழைத்தார்கள் என்று தேடுங்கள்.

கிளாரினெட் ஹவில்தார்:
தேடி எடுத்து வந்தால் போடுவீர்களா?

சான்று எங்கே:
அது முதல்நிலைச் சான்று. அதை வைத்து நாமாக எந்த முடிவும் எழுத முடியாது. யாராவது ஆய்வாளர் அதைப் பார்த்துப் புத்தகம் எழுதி, அந்தப் புத்தகத்தை நீங்கள் காட்டினால் போடலாம்.

கிளாரினெட் ஹவில்தார்:
கேட்டீர்களா எல்லோரும்? கம்பெனிக் கடிதம் செல்லாது, சபா மலர் செல்லும். நான் முட்டிவலியோடு எழும்பூர் போய்த் தூசி தட்டவேண்டும், அதைப் பார்த்து இன்னொருவர் புத்தகம் போடவேண்டும், அந்தப் புத்தகத்தைக் காட்டி நான் இவரிடம் கெஞ்சவேண்டும். எனக்கு வயது 67.

புளியந்தோப்பு பாண்டு செட்:
சார், நீங்களே ஒரு புத்தகம் போட்டுவிடுங்களேன். வெளியீட்டு விழாவுக்கு நம்ம செட்டு இலவசம்.

சான்று எங்கே:
சொந்தச் செலவில் போட்ட புத்தகமும் பொதுவாகச் செல்லாது.

கிளாரினெட் ஹவில்தார்:
எதிர்பார்த்தேன்.

தஞ்சாவூரான்:
ஜால்ரா என்றதை இன்னும் திரும்பப் பெறவில்லை. சரபோஜி பாண்டு பற்றியும் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. மெட்ராஸ் புத்தி.

மயிலை மாமி:
மெட்ராஸ் புத்தி என்றால் என்ன? நீங்கள் இருப்பது வேளச்சேரியில்தானே?

தஞ்சாவூரான்:
குடியிருப்பது வேறு, ஊர் வேறு.

கிளாரினெட் ஹவில்தார்:
அவரவர் ஊர்ச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன். 1800-இல், வால்வு இல்லாமல், ஸஸரி நிஸரி என்று பித்தளை ட்ரம்பெட்டில் ஊதிக் காட்ட இந்தத் திரியில் யாராவது உண்டா? உண்டு என்றால் பல்லாவரம் வாருங்கள். காபி நான் வாங்கித் தருகிறேன்.

சான்று எங்கே:
ஊதிக் காட்டுவதும் சொந்த ஆய்வுதான்.

புளியந்தோப்பு பாண்டு செட்:
இப்போதுதான் அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். 'வெண்கல வாத்தியக் குழு' என்று போட்டிருக்கிறதே. எப்போது மாறியது?

சான்று எங்கே:
நான் மாற்றவில்லை.

கிளாரினெட் ஹவில்தார்:
நானும் இல்லை. யாரய்யா அது?