உலகமயமாக்கலால் பண்பாடுகள் அழிகின்றனவா, உருமாறுகின்றனவா?

கேள்வி:

உலகமயமாக்கலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் மாறி மாறி வருகின்றன. உலகெங்கும் ஒரே உடை, ஒரே இசை, ஒரே திரைப்படம் என்றாகிச் சிறிய பண்பாடுகள் கரைந்துபோகின்றன என்பது ஒன்று; எந்தப் பண்பாடும் எக்காலத்திலும் தனித்து இருந்ததில்லை, கொண்டும் கொடுத்துமே எல்லாம் வளர்ந்தன என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையாகவே தோன்றுவதுதான் என் சிக்கல். ஒரு மாற்றம் கலப்பா, அழிவா என்று எதை வைத்துப் பிரித்தறிவது? கோட்பாடுகளை விடுத்து, நடந்த நிகழ்வுகளைக் கொண்டு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1:

பாப்புவா நியூகினியைச் சேர்ந்த டிரோபிரியாண்டு தீவுகளில் 1903-இல் மெதடிஸ்ட் சமயப் பணியாளர் ஒருவர் கிரிக்கெட்டை அறிமுகப்படுத்தினார். குழுக்களுக்கிடையே நடந்த சண்டைகளுக்கு மாற்றாக ஒழுங்கான விளையாட்டு ஒன்றைப் பழக்குவது அவருடைய நோக்கம். தீவினர் விளையாட்டை ஏற்றுக்கொண்டார்கள், விதிகளை ஏற்கவில்லை. இரு பக்கமும் சமமாக இருந்தால் போதும், ஓர் அணியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம். பந்து ஈட்டி எறிவதைப் போல வீசப்படும். ஒருவர் ஆட்டமிழந்தால் எதிரணி முழுவதும் நடனமாடும். போட்டியை நடத்தும் ஊரே வெல்லும் என்பது முன்கூட்டியே முடிவானது. (இந்தக் கடைசி விதியைக் கேட்டுச் சிரிப்பவர்கள், அங்கே விருந்தோம்பும் ஊரின் மதிப்பே ஆட்டத்தின் மையம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.) வந்த பொருளை மாற்றும் உரிமை யாரிடம் இருந்தது என்று பாருங்கள், கலப்பையும் அழிவையும் பிரிக்கும் கோடு அங்கேதான் இருக்கிறது.

பதில் 2:

மேற்கண்ட அளவுகோல் சரிதான், ஆனால் பாதி. அந்த ஆட்டத்தில் எவருக்கும் வருமானம் இல்லாததால் விடை எளிதாகக் கிடைத்தது. வணிகம் நுழைந்தால் என்ன ஆகிறது என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் மெழுகு அச்சுத் துணியைப் பாருங்கள். மெழுகு பூசிச் சாயமேற்றும் ஜாவாவின் (இன்றைய இந்தோனேசியா) பாத்திக் துணியை இயந்திரத்தில் போலி செய்து அங்கேயே விற்க 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் முயன்றார்கள். அது அங்கே எடுபடாமல் போக, மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் பெரும் வரவேற்பைப் பெற்றது. இன்று உலகம் அதையே ஆப்பிரிக்கத் துணி என்கிறது. டோகோவின் லோமே நகரில் அதை மொத்தமாக வாங்கி விற்ற பெண்கள், ஒவ்வொரு வடிவத்துக்கும் மக்கள் வாயில் நிற்கும் பெயர் சூட்டினார்கள். பென்ஸ் கார் வாங்கும் அளவுக்குச் செழித்ததால் 'நானா பென்ஸ்' என்றே அழைக்கப்பட்டார்கள். 1994-இல் டோகோவிலும் அண்டை நாடுகள் பலவற்றிலும் வழங்கும் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டதும், பின்னர் மலிவான சீனப் போலிகள் குவிந்ததும் அந்த வணிகத்தைச் சாய்த்துவிட்டன. துணிக்குப் பொருள் தந்தவர்கள் அவர்கள். துணியின் விலையைத் தீர்மானித்ததோ அவர்களுடைய கைக்கு எட்டாத இடம். பண்பாடு பிழைத்தது, அதை வளர்த்தவர்கள் நலிந்தார்கள் என்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி கேட்டவர்:

அப்படியானால் அரசுகள் தடுப்பு விதிகளால் காக்க முடியாதா?

பதில் 3:

ஓரளவு முடியும். தம் பண்பாட்டைக் காக்க விதிகள் வகுக்கும் உரிமையை நாடுகளுக்கு உறுதிசெய்யும் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பன்மை உடன்படிக்கை 2005-இல் 148 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே. ஆனாலும் 2006-இல், அமெரிக்காவுடன் வணிகப் பேச்சு தொடங்க வேண்டி, உள்நாட்டுப் படங்களுக்குத் திரையரங்குகள் ஒதுக்க வேண்டிய நாட்களைத் தென்கொரியா 146-இலிருந்து 73 ஆகக் குறைத்தது. அதன் பிறகும் கொரியப் படங்கள் உலகை எட்டின என்பதால், விதி ஒன்றையே நம்பியிருப்பதும் சரியன்று.

மொழியின் நிலை இவற்றிலிருந்து வேறானது. விளையாட்டையும் துணியையும் மாற்றியமைத்துத் தனதாக்கிக்கொள்ளலாம். வேலைக்கும் படிப்புக்கும் பயன்படும் பெரிய மொழியே போதும் என்று பெற்றோர் முடிவு செய்துவிட்டால், வீட்டு மொழி குழந்தையிடம் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. இந்த நிலையை உணர்ந்த நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரி மக்கள் 1982-இல் அங்கே 'மொழிக் கூடு' என்ற மழலையர் நிலையங்களைத் தொடங்கினார்கள். முதியவர்கள் அங்கே குழந்தைகளிடம் மாவோரியில் மட்டுமே பேசினார்கள். 1984-இல் ஹவாய் மக்கள் அதைப் பின்பற்றினார்கள். 1997-இல் பின்லாந்தின் வடகோடியில், சில நூறு பேர் மட்டுமே பேசும் இனாரி சாமி மொழிக்கும் ஒரு கூடு அமைந்தது. பசிபிக் தீவொன்றில் பிறந்த ஏற்பாடு ஆர்க்டிக் பகுதிவரை பயணம் செய்ததையும் உலகமயமாக்கல் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.